பருப்பு சீழ் வைக்காது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. ஓய்வு பெற்ற பிறகு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உணவியல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். என் நாளில் பெரும்பகுதி அறுவைசிகிச்சை வார்டில்தான் கழிந்தது. கலோரிக் கணக்குப் போடுவதையும் அட்டவணை தயாரிப்பதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் காது கொடுங்கள்.

"சத்தா சாப்பிடுங்க." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் கட்டிலைக் கடந்து போகிற போக்கில் சொல்வார். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுச் சொல்வார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொல்வார். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, யார் சமைப்பது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நோயாளி தலையை ஆட்டுவார். வீட்டுக்காரர்கள் நேராக மருந்துக் கடைக்குப் போய், தசையை முறுக்கிக்கொண்டு ஒருவன் நிற்கிற படம் போட்ட டப்பாவை வாங்கி வருவார்கள். வீட்டில் நிலக்கடலை மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

அமினோ அமிலம் என்று நாம் படித்த படிப்பை நம் ஆட்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் ரொம்ப நாள் திண்டாடியிருக்கிறேன். கடைசியில் இப்படித்தான் சொல்வேன். தோலும் சதையும் ரத்தமும் பல துண்டுகளைக் கோத்துச் செய்தவை. அந்தத் துண்டுகளில் சிலவற்றை உடம்பே செய்துகொள்ளும். சிலவற்றை அதால் செய்ய முடியாது, தட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசியில் ஒரு துண்டு குறைவு, பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் வேறொரு துண்டு குறைவு, அரிசியில் அது போதுமான அளவு இருக்கிறது. சோற்றையும் பருப்பையும் சேர்த்துத் தின்றால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். முட்டையிலும் பாலிலும் மீனிலும் எல்லாமே உண்டு. இதற்குப் பட்டணத்து டப்பா தேவையில்லை. செம்பட்டிச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் மொச்சை, தட்டைப்பயறு, கடலை, முட்டை எல்லாம் கிடைக்கும்.

இவ்வளவு எளிதான விஷயத்துக்குக் குறுக்கே நிற்பது எது தெரியுமா? நம் ஊர்ப் பத்தியம். புண் இருக்கும்போது பருப்பு தின்றால் சீழ் வைக்குமாம். முட்டை தின்றால் புண் பொங்குமாம். கடலை ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது. அப்படியே பருப்பு போட்டாலும் அதைக் கடையாமல், மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்து நோயாளிக்கு ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் பருப்புத் தண்ணி. அடியில் தங்கிய பருப்பு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத ஆம்பிளைகளின் தட்டுக்குப் போகும். சாரம் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ, அவன் என் கையில் கிடைக்கவில்லை.

ஈஸ்வரி என்ற பெண்ணின் காலை இந்தப் பத்தியம்தான் தின்னப் பார்த்தது.

செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். காட்டில் கடலையும், கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மல்லிகையும் போட்டிருந்தார்கள். பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டுக் கணவனோடு வண்டியில் திரும்பும்போது மினி லாரி ஒன்று இடித்துவிட்டது. கணவன் முருகேசனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இவளுக்குக் கெண்டைக்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து சதை தெரிந்தது. எலும்பு பிழைத்தது. தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டினார்கள். அந்த ஒட்டு பிடிக்கவில்லை. கறுத்து, பிய்ந்து வந்துவிட்டது.

எங்கள் அறுவைசிகிச்சை நிபுணர், வார்டில் எல்லோருக்கும் பெரிய டாக்டர், என்னைவிடப் பெரிய கோபக்காரர். ஆனால் அவரிடம்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். என்னை அழைத்துப் புண்ணைக் காட்டினார். நல்ல புண் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். இது வெளிறிப்போய், ஓரமெல்லாம் சோர்ந்து கிடந்தது. ரத்தத்தில் புரதம் கீழே இறங்கியிருந்தது. சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருந்தது. அவர் கையுறையைக் கழற்றி வீசினார்.

"கத்தி என் கையில இருக்கு, சரி. தச்ச தோலைப் பிடிச்சு வைக்க அவ உடம்புல சரக்கு வேணும்ல? இன்னொரு ஒட்டுக்குத்தான் தோல் இருக்கு. அதுவும் போச்சுன்னா எலும்புக்குள்ள சீழ் இறங்கிரும். அப்புறம் முட்டிக்குக் கீழ எடுக்கறதைத் தவிர வழி கிடையாது. போங்க, அவங்க என்னதான் திங்கறாங்கன்னு பாருங்க."

நான் போய்ப் பார்த்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். முருகேசன் மனைவிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை நான் குறை சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளில் அலுத்துப்போய் அம்மாவையோ அக்காவையோ உட்கார்த்திவிட்டு ஊருக்குப் போகும் புருஷன்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முருகேசன் அப்படி இல்லை. தலை வாரிவிடுவார், பெட்பேன் வைப்பார், இரவெல்லாம் தரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. அந்தப் பாசத்தோடு அவர் ஊட்டியது என்ன? குழைந்த சோற்றில் மிளகு ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட இல்லை. காலையில் ரெண்டு ரொட்டியும் டீத்தண்ணியும். சாயங்காலம் பருப்புத் தண்ணி, ராத்திரி ஒரு டம்ளர் பால். பருப்பு ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது என்று துணியில் வடிகட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரித் தட்டில் வந்த முட்டையும் சுண்டலும் எங்கே என்று கேட்டேன். பக்கத்து வார்டில் யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெருமையாக ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். அமினோ அமில டானிக். மருந்துக் கடைக்காரர் கொடுத்தாராம், காலையும் மாலையும் ஒரு கரண்டியாம். நான் லேபிளைத் திருப்பிப் படித்தேன். அதற்குள் எனக்கு முகம் சிவந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரும் சாயமும் வாசனையும் போக, அந்தக் கரண்டியில் இருந்தது அவர்கள் காட்டில் விளைந்த கடலையில் ஒரு கைப்பிடிக்குக் கால்வாசிகூட வராது. கடலையை விற்றுவிட்டு இதை வாங்கி வந்திருக்கிறார் அந்த மனிதர்.

பொறுமையாகத்தான் சொன்னேன். நம்புங்கள், எனக்குப் பொறுமை வரும், கொஞ்ச நேரத்துக்கு. பருப்பு சீழ் வைக்காது, சீழ் வருவது கிருமியால் என்றேன். புதுத் தோல் வளர இதெல்லாம் வேண்டும் என்றேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் அதே ரசம், அதே சோறு. பார்க்க வந்த முருகேசனின் பெரியப்பா, பூ மார்க்கெட் தரகர், ஊர்த் தலைவர் என்று ஒவ்வொருவரும் பத்தியத்தை இன்னும் இறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியப்பா பாலைக்கூட நிறுத்தப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, அது மட்டும் தப்பியது.

அடுத்த நாள் காலை ரவுண்ட்ஸில் வெடித்தது. பயிற்சி டாக்டர் ஒருவர், நல்ல பையன்தான், அவசரக்காரர். தட்டிலிருந்த முட்டையை எடுத்து, எல்லோர் முன்னாலும் ஈஸ்வரியின் வாயருகே கொண்டுபோனார். முருகேசன் அவர் கையைத் தட்டிவிட்டார். முட்டை தரையில் உருண்டது. பெரிய டாக்டர் கத்த, முருகேசன் பதிலுக்குக் கத்த, வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"எம் பொண்டாட்டி காலை நீங்க எடுக்கப் போறீகன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இம்புட்டும். நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கன்னிவாடிப் பக்கம் பச்சிலை வச்சுக் கட்டுறாக, அங்க பாத்துக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

பெரிய டாக்டர், போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டிலிலிருந்து ஈஸ்வரி இறங்கிப் போனால் அவள் கால் போய்விடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து வாங்கிவிட்டால் நம் மேல் தப்பு இல்லை என்று ஒரு நிம்மதி நமக்கு இருக்கிறது பாருங்கள், அதைப் போன்ற கேவலமான நிம்மதி வேறு இல்லை. நானும் அன்றைக்கு முருகேசனோடு இன்னொரு சுற்று வாதாடத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் நின்ற அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, அந்தப் பார்வையை நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் கண்டால், செய்துகொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

கணக்கு முடிக்கும் அலுவலகத்துக்கு முருகேசனை அனுப்பினேன். அங்கே வரிசை நீளம், சீக்கிரம் திரும்ப மாட்டார். திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமினோ அமிலம், புரதம் ஒன்றும் பேசவில்லை. பசிக்குதாம்மா என்று மட்டும் கேட்டேன்.

அவள் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எம்புட்டு நாளாப் பசிக்குது தெரியுமாக்கா? பக்கத்துக் கட்டில்ல ஆம்லெட் வாசம் வந்தா முகத்தைத் திருப்பிக்கிருவேன்."

ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்கும். அவள் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"கேட்டுத் தின்னு கால் போச்சுன்னா, தின்னுதான் காலைத் தொலைச்சான்னு காலம் பூரா சொல்லிக்காட்டுவாகக்கா. தின்னாமக் கால் போச்சுன்னா யாரும் என்னையக் குத்தம் சொல்ல மாட்டாகல்ல."

எனக்கு யார் மேல் கோபம் வரவில்லை என்று கேளுங்கள், அது சுலபம். பெரியப்பா மேல் வந்தது, டானிக் விற்றவன் மேல் வந்தது, முருகேசன் மேல் வந்தது. இத்தனை நாளாக அவள் தலைக்கு மேலே நின்று அவள் கணவனோடு மட்டும் பேசிய எங்கள் எல்லோர் மேலும் வந்தது. காலையும் புண்ணையும் பசியையும் தாங்குகிறவள் ஒருத்தி. அவள் என்ன தின்ன வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு ஊர்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டு ஏன் பிடிக்கவில்லை, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது, உடம்புக்கு எது வேண்டும், எதிலெல்லாம் அது இருக்கிறது. படித்தவள்போலக் குறுக்குக் கேள்வி கேட்டாள். நிலக்கடலை புண்ணுக்கு ஆகாது என்பது பொய்யா என்றாள். பொய் என்றேன். எங்கள் காட்டில்தான் விளைகிறது என்று சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. பிறகு தானே முடிவு சொன்னாள். தின்கிறாள். ஆனால் இப்போது புருஷனிடம் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார், கால் தேறியபிறகு தானே சொல்லிக்கொள்வாள். அவள் உடம்பு, அவள் வாய். சரி என்றேன்.

முருகேசன் கையில் காகிதத்தோடு திரும்பினார். நான் பருப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. இத்தனை நாள் படுக்கையில் கிடந்த பொம்பிளைக்கு இடுப்பு விட்டுப்போகுமே, உளுந்து கொடுக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"உளுந்து நல்லதுதானுங்களே மேடம். எங்க ஊர்ல வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் குடுப்பாக. எனக்குத் தோணாமப் போச்சே."

உளுந்தும் ஒரு பருப்புதான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். நம் ஊர்ப் பத்தியத்தில் அது பருப்பு இல்லை, பலம். இட்லியும் பருப்பு இல்லை, பலகாரம். அந்தச் சந்துக்குள் நான் புகுந்துவிட்டேன். காலையில் கடை இட்லி வேண்டாம், அதில் அரிசிதான் அதிகம், எங்கள் சமையலறையில் உளுந்தைக் கூட்டிப் போட்டு அவித்துத் தருகிறோம் என்றேன். பதினோரு மணிக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்ட உளுந்தங்களி. சாயங்காலம் பால் விட்ட உளுந்தங்கஞ்சி. எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கன்னிவாடிப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

மிச்சத்தை ஈஸ்வரியும் நாங்களும் பார்த்துக்கொண்டோம். அவர் குளித்துச் சாப்பிட்டுவரப் போகும் நேரத்தில் நர்ஸ் முட்டைகளை எடுத்து வருவார். கடைந்த பருப்பை நெய் விட்டுப் பிசைந்த சோறு வரும். மதியம் அவர் கொஞ்சம் கண் அயரும்போது, அவித்த கடலையைத் தலையணைக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வாள். முப்பது வயதுப் பெண், தன் காட்டில் விளைந்ததைத் திருடித் தின்பதுபோல் தின்றாள்.

புண் சிவக்கத் தொடங்கியது. கட்டு மாற்றும்போது நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். வெளிறிக் கிடந்த இடமெல்லாம் மாதுளை முத்துப்போலப் பொடிப்பொடியாகச் சதை எழும்பியது. பெரிய டாக்டர் நாள் குறித்தார். இரண்டாவது ஒட்டுக்குப் பிறகு முதல் கட்டைப் பிரிக்கும்போது, எப்போதும் கத்துகிற அந்த மனிதர் சத்தமே இல்லாமல் குனிந்து பார்த்தார். விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். பிடிச்சிருச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் பெருமை அடித்துக்கொண்டு போயிருப்பேன். வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. ஈஸ்வரி ஊன்றுகோல் பிடித்து நான்கைந்து எட்டு வைக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். எதிர்க் கட்டிலில் புதிதாக ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்திருந்தாள். வடைச்சட்டி எண்ணெய் சாய்ந்து ஒரு கையும் தோளும் வெந்திருந்தன. கூடவே அவள் அம்மா. மதியத் தட்டு வந்திருந்தது, அதில் முட்டையும் சாம்பாரும் இருந்தன. நான் வார்டுக்குள் நுழைந்தபோது, முருகேசன் அந்த அம்மாவிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த முட்டையையும் பருப்பையும் மட்டும் பிள்ளை கிட்ட அண்ட விட்ராதீக. சீழ் வச்சுரும். டாக்டர்மாரு சொல்லத்தான் செய்வாக. எங்க வீட்டுல பாருங்க, ஒரு பருப்பு உள்ள போக விடலை. பத்தியத்துலதான் காலைக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். முட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

நான் கெட்டிக்காரத்தனமாகச் சந்துக்குள் புகுந்து வந்தேனே, அதன் விலை இதுதான். கால் பிழைத்தது. பொய்யும் கூடவே பிழைத்து, அடுத்த கட்டிலுக்கு நடந்து போய்விட்டது. இனி ஊர் முழுக்க ஈஸ்வரியின் காலைக் காட்டி எத்தனை பேர் வாயைக் கட்டுவார் இந்த மனிதர்? எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முன்னே போனேன்.

எனக்கு முன்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஈஸ்வரி கட்டிலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். கீழே விழுந்துவிடுவாள் என்று முருகேசன் ஓடிவந்து கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை. அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"நான் முட்டை தின்னேன்த்தா. பருப்பு தின்னேன், கடலை தின்னேன். அதுலதான் இந்தத் தோல் ஒட்டுச்சு. பிள்ளைக்குக் குடுங்க."

முருகேசன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். அவமானத்தைவிட வலிதான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

ஈஸ்வரி குரலை உயர்த்தவில்லை.

"பசிக்குதான்னு நீங்க என்னையக் கேட்டீகளா?"

தட்டில் கையை வைக்கத் தயங்கி, அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நெசமா மேடம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், எதிர்க் கட்டில் பெண் வேகாத கையை நீட்டி ஜன்னல் கட்டையிலிருந்த முட்டையை எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.